அறிகுறி: இல்லை

புதுவயல் மில்லில் நான் பாய்லர்க்காரன்.
உள்ளே நெல் என்ன பதத்தில் அவிகிறது என்று
திறக்காமலே மூக்கு சொல்லிவிடும்.
அந்த வைகாசியில் மட்டும்
உமிப்புகைகூடத் தெரியவில்லை எனக்கு.

எனக்குக் காய்ச்சல், இந்திராணிக்கு இருமல்,
மச்சினன் சிவகங்கையில் ஆக்சிஜனில்.
நிவேதிகாவுக்கு ஏழு வயது.
அவளுக்கு ஒரு நாள் வயிறு வலித்தது,
இரண்டு தடவை பேதி.
மாங்காய் தின்றிருப்பாய் என்று வைதேன்.
தின்றதும் உண்மைதான்.

ஜெசிந்தா சிஸ்டர் மூக்கில் குச்சி விட்டபோது
தும்மிவிட்டுச் சிரித்தாள்.
மறுநாள் தாளில் வந்தது:
பாசிட்டிவ். அறிகுறி: இல்லை.

மூன்று பேருக்கும் ஒரே நோய்,
அவள் மட்டும் நோயாளி இல்லை.
கஞ்சி டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு
நிலைப்படியில் உட்கார்ந்துகொள்வாள்:
"சத்தமா மூச்சு விடுங்க ரெண்டு பேரும்,
நான் எண்ணணும்."
இருபத்தி நாலு, இருபத்தி ஆறு என்று
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுவாள்.
பிள்ளைக்கு அது வராது, வந்தாலும் ஒன்றும் செய்யாது
என்று பேசிக்கொண்டோம்.
அதில் ஒரு பெருமைகூட இருந்தது எங்களுக்கு.

ஐந்து வாரம்.
ஸ்டிக்கரைக் கிழித்தார்கள், மில்லுக்குப் போனேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவளுக்குக் காய்ச்சல்.
புதன்கிழமை கண் இரண்டும் சிவப்பு.
மெட்ராஸ் ஐ என்றது மருந்துக்கடை,
சொட்டு மருந்து தந்தது.
வியாழன் வயிற்றில் தடிப்பு, உதட்டில் வெடிப்பு.
அம்மை என்றது தெரு.
இந்திராணி தாளிப்பதை நிறுத்தினாள்,
வாசலில் வேப்பிலை செருகினாள்.
நானும் ஊசி வேண்டாம் என்றேன்.
நான்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை தடுப்பூசிப் பெட்டியோடு போன ஜெசிந்தா
வேப்பிலையைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்.
பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டார், ஜில்லென்றிருந்தது.
"இவளுக்கு பாசிட்டிவ் வந்துச்சுல்ல?"
"அப்போ ஒண்ணுமே இல்லையே சிஸ்டர்."
"அதுக்குத்தான் கேக்குறேன்.
போனது திரும்பி இப்பிடித்தான் வருதாம் பிள்ளைகளுக்கு."

குன்றக்குடி தாண்டும்போது நூற்றியெட்டுக்குள்
நான் எண்ணத் தொடங்கினேன்.
முப்பத்தெட்டு. திருப்பத்தூரில் நாற்பத்தி இரண்டு.
மேலூர் வந்தபோது எண் விட்டுப்போனது,
மறுபடி ஒன்றிலிருந்து.

மதுரை பெரியாஸ்பத்திரியில்
ஒரு சின்ன டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.
"ஸ்ட்ராபெரி நாக்கு" என்றார், எழுதிக்கொள்ளும் பெண்ணிடம்.
எனக்கு அந்தப் பழம் தெரியாது.
படுத்திருந்த நிவேதிகா முனகினாள்:
"சென்ட் ரப்பர் மேல போட்டிருக்குமே, அதுவாப்பா?"
டாக்டர் திரும்பி அவளைப் பார்த்தார்.
அதுவேதான் என்றார்.

பிறகு பிரஷர் இறங்கியது.
ஒரு குப்பி மருந்து பன்னிரண்டு மணி நேரம்
சொட்டுச் சொட்டாக இறங்கியது.
இதயத்தை ஜெல் தடவித் திரையில் பார்த்தார்கள்,
ஒரு குழாய் கொஞ்சம் வீங்கியிருக்கிறது என்றார்கள்,
எவ்வளவு என்று கேட்டேன்.
மில்லிமீட்டரில் சொன்னார்கள்.
பாய்லரில் குழாய் வீங்கினால்
என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும்.
தீயைக் குறைப்பேன், ஆட்களை வெளியே அனுப்புவேன்.

பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தோம்.
விரல் நுனியில் தோல் உரிகிறது அவளுக்கு,
அவித்துக் காய்ந்த நெல்லில் உமி கழல்வதுபோல.
உரித்து உரித்து நோட்டுக்குள் வைக்கிறாள்.
திட்டினால் சிரிக்கிறாள்.
மாத்திரை உண்டு. ஆவணியில் மறுபடி திரை பார்க்க வேண்டும்.

நேற்று ராத்திரி டப்பாவைக் கிளறி
அந்த ரப்பரைக் கண்டுபிடித்துவிட்டாள்.
முனை தேய்ந்து, பழத்தில் பாதிதான் மிச்சம்.
நாக்கை நீட்டிக் கண்ணாடியில் ஒப்பிட்டாள்.
"இப்ப அந்த மாதிரி இல்லப்பா" என்றாள்,
கொஞ்சம் ஏமாற்றமாக.
பிறகு என் மூக்கருகில் பிடித்தாள்.
"வாசனை வருதா?"

வருது என்றேன்.