கேரியர்

ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் பேரக்ஸ் ரோடு
எங்கள் கைக்கு வரும்.
கடைசி ஷட்டர் இறங்கி,
பரோட்டாக் கல்லைச் சுரண்டும் சத்தம் ஓய்ந்த பிறகு.
பர்னர் மேல் பெயின்ட் கொதிக்கிறது,
பார்க்கப் பால்பாயசம் மாதிரி.
ஒரு சொட்டு பட்டால் தோலோடுதான் வரும்.

சைக்கிளுக்கு ஒன்றரை மீட்டர் என்றது வரைபடம்.
டேப்பின் ஒரு முனை சகாயராஜ் கையில்,
மறுமுனையை நான் இழுத்துக்கொண்டு போனேன்.
முதல் முப்பதடிக்கு ஒன்றரை.
அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர்,
தொண்ணூறு சென்டிமீட்டர்.
அதற்கப்புறம் மழைநீர்க் கால்வாய் மூடி,
சரியாக ஒரு டயர் இறங்கும் அளவுக்குச் சந்து விட்ட மூடி.
பஸ் ஸ்டாப்பில் கோடே வேண்டாம் என்றார் சூப்பர்வைசர்.
எண்பதடி தள்ளி மறுபடி ஆரம்பிக்கணும்.
"நடுவுல சைக்கிள்காரன் என்ன சார் பண்ணுவான்?"
"பறப்பான். நீ ஊத்து."

சிரித்தோம்.
என் இடது முழங்கை மட்டும் சிரிக்கவில்லை.
நாலு வருஷம் முன்பு, இதே வரிசையில்,
நின்றிருந்த ஒரு கார்
கொட்டாவி விடுகிற மாதிரி கதவைத் திறந்தது.
இறங்கியவர் முதலில் தடவிப் பார்த்தது
கதவைத்தான்.

ஊற்றிய கோட்டின் மேல், சூடு ஆறும் முன்பே,
கண்ணாடி மணிகளைத் தூவ வேண்டும்.
வெளிச்சம் பட்டால் மின்னும்.
யார் விளக்கு அடிக்கிறாரோ அவர் கண்ணுக்கே திரும்பும்.
சைக்கிளில் எங்கே விளக்கு?
ஆக இந்தக் கோடு காருக்கு எழுதும் கடிதம்.
படிப்பதும் படிக்காததும் அவர் இஷ்டம்.

ஒரு மணிக்கு மேல் படம் போடும் வேலை.
தகரத்தில் வெட்டிய சைக்கிள்:
இரண்டு வட்டம், நடுவில் கொஞ்சம் கோணல்மாணல்,
மேலே ஒரு கொம்பு.
ஆள் இல்லை. மணி இல்லை.
கேரியர் இல்லை.

எனக்குத் தெரிந்து இந்த ரோட்டில்
எந்தச் சைக்கிளும் சும்மா போனதில்லை.
ஏழு அட்டை முட்டையோடு ஒருவர் போவார்,
பிரேக் பிடிக்கவே மாட்டார்.
ஆஸ்பத்திரியில் தரை துடைத்துவிட்டு வரும் மெர்சியக்கா
பின்னால் பையனை ஒருக்களித்து உட்காரவைத்து
முன்னால் அரிசியை மாட்டியிருப்பார்.
சுமை இல்லாத இந்தச் சைக்கிளை
யாரைப் பார்த்து வெட்டினார்கள்?
ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஹெல்மெட்டோடு
கடற்கரைப் பக்கம் பறப்பவர்களைப் பார்த்திருக்கலாம்.
அவர்களும் பாவம்,
கதவு அவர்களுக்கும் திறக்கும்.

ஏழாவது படத்தில்
தகரத்தை எடுத்த கையோடு
கரண்டியில் மிச்சமிருந்ததை இழுத்து
பின் சக்கரத்துக்கு மேல் ஒரு கேரியர் போட்டேன்.
கொஞ்சம் சாய்ந்துவிட்டது.
சகாயராஜ் பார்த்தான்,
ஒன்றும் சொல்லாமல் மணியைத் தூவினான்.

நாலே முக்காலுக்கு நூர்தீன் வந்தார்,
இரண்டு பக்கமும் டீ கேன்.
கோட்டருகே கால் ஊன்றி,
"காய்ஞ்சிடுச்சா?"
"எப்பவோ."
ஏறி மிதித்தார்.
பத்து வருஷமாக அவர் முதுகைப் பார்க்கிறேன்,
நாலு மிதிக்கு ஒரு தரம் கழுத்து பின்னால் திரும்பும்.
இன்றைக்குத் திரும்பவில்லை.
டிரான்ஸ்ஃபார்மர் தாண்டியும் திரும்பவில்லை.
பஸ் ஸ்டாப் வந்தது,
கோடு தீர்ந்தது,
கழுத்து திரும்பியது.

ஒன்பதரைக்கு ஒரு வெள்ளைக் கார்
ஏழாவது சைக்கிளின் மேலேயே வந்து நின்றது.
முன் பம்பருக்கு வெளியே
கேரியர் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது,
யாரோ மூட்டை ஏற்ற வருவார்கள் என்பதுபோல.

இன்று ராத்திரி எதிர்ப்பக்கம்.
எண்பதடிக் கோட்டுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று
தூங்காமல் கணக்குப் போட்டேன்.
ஒரு மூட்டை போதும்.
வண்டியில் ஒன்று மிச்சமிருக்கிறது.
சூப்பர்வைசர் எப்படியும்
இரண்டு மணிக்குக் கண்ணயர்ந்துவிடுவார்.