மூன்றாவது சிலாப்பு

திருகோணமலை நீதிமன்ற வீதியில்
என் போட்டோ கொப்பிக் கடை.
கார்த்திகை மழைக்கு அன்று மூன்றாம் நாள்.
காணி உறுதி, அடையாள அட்டை, விவாகரத்து மனு,
எல்லாம் ஈரக் கையோடு வரும்.
மெஷின் ஒரு மூச்சு விட்டு
மறு மூச்சு இழுக்கிற இடைவெளியில்
கேட்டேன்:

கீச்.

கிரீஸ் காணாது என்று நினைத்தேன்.
சுவிட்சை நிறுத்தினேன். சத்தம் நிற்கவில்லை.
வாசலில், என் காலுக்குக் கீழே,
கானை மூடின கொங்கிரீட்டுக்கும் கீழே.
பூனை மியாவ் என்னும் என்று பாலர் புத்தகத்தில் இருக்கிறது.
குட்டிக்கு அவ்வளவு பெரிய சொல் வாயில் கொள்ளாது.

எனக்குப் பூனை பிடிக்காது.
இதை முதலில் பதிந்துகொள்ளுங்கள்.

ஹார்ட்வெயார் ஜௌபர் அலவாங்கு கொண்டுவந்தான்,
விலைத் துண்டு ஒட்டினபடி.
"கீறல் விழுந்தா நீங்கதான் வாங்கணும்."
முதல் சிலாப்பைப் பெயர்த்தோம்.
ஒற்றைச் செருப்பு, கச்சான் கோது,
யாரோ தோற்ற வழக்கின் கடித உறை.
கீச். இப்போது இரண்டாவதன் கீழே.
இரண்டாவதைப் பெயர்த்தோம்.
கீச். மூன்றாவதன் கீழே.
"நாம வெளிச்சம் குடுக்கக் குடுக்க
அது இருட்டுக்குள்ள போகுது" என்றான்.
வெளிச்சம் என்றால் அதற்கு நாய்.

கறுப்புக் கோட்டு ஒருவர் குடைக்குள் நின்று
இலவசமாக யோசனை சொன்னார்.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
எதிரே வாழைப்பழத் தோலை மென்றுகொண்டு
எங்களைப் பார்த்தது,
வேறு வழக்குக்கு வந்த சாட்சி போல.

ஓட்டோ றெக்ஸ் சோற்றுப் பார்சலை அவிழ்த்தான்.
பொரித்த கீரிமீன் இரண்டு.
பெரியதை நூலில் கட்டினான்.
யோசித்தான்.
அவிழ்த்துச் சின்னதைக் கட்டினான்.
பிறகு எங்களைப் பார்த்து வெட்கப்பட்டு
பெரியதையே கட்டினான்.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.
கடல் பொங்குகிற நாளில்
எங்கள் கான்கள் திரும்பி ஓடும்.
நான் படுத்தேன்.
நாற்பத்திமூன்று வயதில், சேலையோடு,
நடு மத்தியானம், முகம் கானுக்குள்.
மூன்றாவது சிலாப்பின் கீழ் என் கை தோள்வரை போனது.
சேறு. சேறு. பொலித்தீன்.
ஒரு துடிப்பு விரலில் மோதியது.
உடனே நாலைந்து ஊசி.

பிழிந்த பிடிதுணி போல வெளியே வந்தது.
காது மட்டும் பெரிசு.
கீரிமீனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.
றெக்ஸ் அதைக் காகத்துக்கு எறிந்தான்,
கொஞ்சம் துக்கத்தோடு.

துவாயில் சுற்றிக் கடதாசிப் பெட்டிக்குள் வைத்து
மெஷினின் சூட்டுப் பக்கம் தள்ளினேன்.
எப்படியோ கண்ணாடியில் ஒரு மயிர்.
அன்று பின்னேரம் எடுத்த பிரதி எல்லாவற்றிலும் அது விழுந்தது.
யாரோ ஒருவரின் காணிக்கு
புதிதாய் ஒரு எல்லைக் கோடு.

வாடகை ஒப்பந்தம், ஏழாம் பந்தி:
நாய் பூனை வளர்க்கலாகாது.
நானே பிரதி எடுத்தது.
"என்ன பெட்டி?" என்றார் வீட்டுக்காரக் கமலாம்பிகை ரீச்சர்.
கடதாசி என்றேன்.
பெட்டி கீச் என்றது.
ரீச்சர் என் கைக் கீறல்களை எண்ணுவது போலப் பார்த்தார்.
"பால்மாவைக் கெட்டியாக் கரைக்காதேங்கோ"
என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

இரவு இரண்டு மணி.
அது நித்திரை.
வயிறு ஏறி இறங்குகிறது, வாய் மூடியிருக்கிறது.
ஆனால் கீச்.

மெஷின் இங்கே இல்லை.
கூரையில் மழை மட்டும்.
இரண்டாவதன் கீழே கேட்ட குரலும்
மூன்றாவதன் கீழே கேட்ட குரலும்
ஒரே வாயா?
அங்கே நின்ற இத்தனை பேரில்
ஒருவரும் எண்ணவில்லை.

அலவாங்கு என்னிடம்தான்.
கீறல் விழுந்துவிட்டது, வாங்கியாயிற்று.

வீதியில் ஒருவரும் இல்லை. மான்கூட இல்லை.
கானோரம் குந்தினேன்.
டோர்ச்சை அடித்தேன்.
பிறகு நினைவு வந்து அணைத்தேன்.
இருட்டில், தண்ணீர் ஓடுகிற பக்கம் வாயை வைத்து,
எனக்குத் தெரிந்த ஒரே பூனைச் சொல்லைச்
சொல்லிப் பார்த்தேன்:

கீச்.