நிற்கத் தெரிந்த பம்ப்

ஏலகிரி ஏற்றம், மே மாதம், பகல் ஒன்றேகால்.
கொடிக்குத் தேரைக் கொடுத்தவன் பெயர் எழுதிய வளைவில்
எங்கள் ஃபார்கோவும் நின்றுவிட்டது,
யாருக்கும் கொடுக்கிற எண்ணம் இல்லாமலே.

பாதி டாங்க் பெட்ரோல் இருந்தது.
கார்புரேட்டர் வாயில் ஒரு சொட்டு இல்லை.
நடுவில், குழாய்க்குள், வெறும் ஆவி.
தஸ்தகீர் துண்டை நனைத்து
பம்பின் தலையில் போட்டார், காய்ச்சல்காரனுக்குப் போல.
நான் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தேன்.
பின்னால் வந்த பஸ்
ஹாரனிலேயே எங்கள் பரம்பரையை விசாரித்தது.

ராணிப்பேட்டைத் தோல்ஷாப் ஏலத்தில்
மூன்று பேர் பங்கு போட்டு எடுத்த லாரி.
இரும்பைப் பங்கு பிரித்துக்கொள்ளலாம்,
அபிப்பிராயத்தை முடியாது.

காட்பாடி ஷெட்டில் முனிரத்தினம் சொன்னார்:
"இன்ஜின் சுத்துனா பம்ப் அடிக்கும்.
நின்னா நிக்கும்.
ஒயரு வேணாம், ரிலே வேணாம்.
இதுல இன்னா கொற கீது?"
குறை அவர் உள்ளங்கையிலேயே இருந்தது.
நாலு மாதம் முன்பு போட்ட டயாஃப்ரம்
எத்தனால் கலந்த பெட்ரோலைக் குடித்துக் குடித்து
நமத்த அப்பளமாய் நெளிந்திருந்தது.
அது கிழிந்தால் வெளியே சொல்லாது.
கேம்ஷாஃப்ட் பக்கம் சத்தமில்லாமல் இறங்கி
ஆயிலில் கலக்கும்.
டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்க்கிறவருக்கு மட்டும் தெரியும்.

தஸ்தகீர் வாங்கி வந்தது சோப்புப் பெட்டி அளவு.
டாங்கின் பக்கத்தில், சேஸிஸுக்கு அடியில்,
நிழலில் உட்கார்ந்துகொண்டு
இழுக்காது, தள்ளும்.
தள்ளப்படும் பெட்ரோல் லேசில் ஆவியாகாது என்றார்.
(வேலூரில் நிழலுக்கே நாற்பத்திரண்டு டிகிரி
என்பதை யாரும் சொல்லவில்லை.)
அட்டைமேல் பன்னிரண்டு வோல்ட்.
எங்கள் வண்டிக்கு ஆறு, அதிலும் பாசிட்டிவ் எர்த்.
திருப்பி அனுப்பி, சரியானது வரப் பதினெட்டு நாள்.

நான் ஆஸ்பத்திரியில் பம்ப் பழுது பார்க்கிறவள்.
சொட்டு மருந்து பம்ப், சிரிஞ்சு பம்ப்.
பதினோரு வருடமாக எனக்கு ஒரே கேள்விதான்:
எப்படி ஓடும் என்பதல்ல,
கெட்டால் எந்தப் பக்கம் கெடும்.
நின்று கெடுவதற்கு மணி அடிக்கும், யாராவது ஓடி வருவார்கள்.
நிற்காமல் கெடுவதற்குத்தான்
இரவு மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறேன்.

வண்டி கவிழ்ந்து, இன்ஜின் செத்து,
சாவி மட்டும் திருப்பியபடியே கிடந்தால்
டிக் டிக் டிக் என்று
சூடான மேனிஃபோல்டின்மேல்
ஊற்றிக்கொண்டே இருக்கும்,
தன் கடமையில் தவறாத அந்தப் பெட்டி.

இதைச் சொன்னதும் தஸ்தகீர் வெகுநேரம்
பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கடைசியில் இரண்டையும் வைத்தோம்.
பழையது அதன் இடத்தில்.
புதியது பின்னால், அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டரோடு.
நாலு பவுண்டுக்குப் பழகிய ஊசி வால்வை
ஏழு பவுண்டால் மிரட்டக் கூடாது.
சுவிட்சாக, உடைந்த ஸ்கூட்டரின் ஹாரன் பட்டன்.
அழுத்தினால் ஓடும். விரலை எடுத்தால் நிற்கும்.
முனிரத்தினம் சிரித்தார்:
"டயாஃப்ரம் கிழிஞ்ச அன்னிக்கு
நீ அமுக்கறது எல்லாம் ஆயில்லதாம்மா போவும்."
அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

ஜூன் கடைசி. அதே வளைவு.
இன்ஜின் ஒருமுறை இருமியது.
அழுத்தினேன்.
முதுகுக்குப் பின்னால் எங்கோ டிக் டிக்.
ஸ்டீரிங்கில் ஒரு கை, பட்டனில் ஒரு கட்டைவிரல்,
கியரைத் தஸ்தகீர் போட்டார், திட்டிக்கொண்டே.
அடுத்த வளைவு தாண்டி விரலை எடுத்தேன்.
தோலில் பட்டனின் வட்டம் பதிந்திருந்தது.
அவர் மடியில் நனைத்த துண்டு,
தேவைப்படாமல் சொட்டிக்கொண்டிருந்தது.

மேலே போய் நிறுத்தியதும்
முனிரத்தினம் யாரிடமும் பேசாமல்
டிப்ஸ்டிக்கை உருவினார், முகர்ந்தார்,
என் பக்கம் நீட்டினார்.

ஆயில் வாசனை.
இன்னொரு தரம் முகர்ந்தேன்.
ஆயில் வாசனைதான்.