துவக்க வரி

வின்னிபெக், மைனஸ் முப்பத்திரண்டு.
ஒன்பதாம் தடவை தேடச் சொல்கிறேன்.
எண்களுக்கு எதிரே
வெறும் நட்சத்திரக் குறிகள்.

ரைட்டர் பெட்டிக்குள்தான் இருக்கிறது;
பச்சை விளக்கைச் சிமிட்டுகிறது,
நாக்கை நீட்டி இழுத்துக்கொள்கிறது.
பழைய லினக்ஸுக்கோ
அங்கே ஆளே இல்லை.

துவக்க வரியில் ஒரு சின்னப் பொய்:
இது ஐடிஇ அல்ல, ஸ்கஸி.
சேர்த்தேன்.
மறுபடி எழுந்த இயந்திரம்
கம்பெனி, மாடல், வேகம் எல்லாம்
கடகடவென்று ஒப்பிக்கிறது.

சம்பளச் சீட்டில் இடம் போதாதென்று
ஜன்னல் தொழிற்சாலையில்
குகனேந்திரனைக் கென் ஆக்கினார்கள்.
அன்றுதான் கதவு அட்டை வேலை செய்தது.

இரண்டாம் வேகம். நாற்பத்தொரு சதவீதம்.
மவுஸைத் தொட்டாலும் சீடி பாழ்.
வீட்டுக்காரி கதவைத் தட்டுகிறாள்:
"கென்?"

மூச்சுக்கூட விடவில்லை
நான்.
ஸ்கஸி மட்டும் உறுமிக்கொண்டிருக்கிறது.