நீலக் கேட்

பாடாங் செராய் வந்தபோது
கஞ்சிலின் ஏர்கோன் செத்து மூன்று நாள்.
ஜோகூரில் கிளம்பியது.
இது எட்டாவது வீடு, அல்லது ஒன்பதாவது,
குளுவாங்கில் காருக்குள் தூங்கியதையும்
வீடென்று கணக்கில் சேர்த்தால்.

யுவராணி வழி அனுப்பியிருந்தாள்:
என் நாத்தனார் வீடு,
செம்பனை ஆலை தாண்டினால் சின்னக் கோயில்,
வலது பக்கம், நீலக் கேட்.
வளைவில் லோரி உதிர்த்துப் போன பழங்கள்
டயருக்கடியில் நசுங்கின.
பழைய எண்ணெயில் யாரோ
ஊரையே வறுப்பது போல ஆலை வாடை.

ஹாரன் அடிக்கும் முன் நாய் குரைத்தது.
சீருடையில், பாதி வாரிய தலையோடு,
சீப்பை வாயில் கடித்தபடி
ஒரு பெண் வந்து கேட்டைத் திறந்தாள்.
"வா, வா. சாப்பாடு மூடியிருக்கு.
எனக்கு ஏழே முக்காலுக்கு வேன்."

பெயரைக் கேட்கவில்லை.
அதை நான் பண்பென்று எடுத்துக்கொண்டேன்.

நின்றபடியே வீட்டை ஒப்படைத்தாள்.
குழாயில் தண்ணி பத்துக்கு மேலதான் வரும்,
வாளியைப் பார்த்துக்கோ.
பின்கதவுத் தாழ் பிடிக்காது,
காஸ் தோம்பை நகர்த்தி முட்டுக் குடு.
ரோக்கிக்குச் சோறு போட்டாச்சு,
போடலன்னு சொல்லும், நம்பாதே.

தொழிற்சாலை வேன் வந்தது,
ஏற்கெனவே தூங்கும் தலைகளோடு.
என் கையில் சாவி.

நெத்திலிச் சம்பாலைப் பிசைந்துகொண்டே
சுற்றிப் பார்த்தேன்.
பூட்டாத அலமாரி,
தட்டில் சில்லறை, ஒற்றைத் தோடு.
நாள்காட்டியில் இரவுவேலையெல்லாம்
சிவப்பு வட்டத்தில்.
வட்டமில்லாதவை நாலே நாலு.

கட்டிலும் ஒன்றுதான்.
தலையணையில் தேங்காயெண்ணெய்,
அதற்கடியில் கொஞ்சம் ரப்பர்.
இந்தப் பக்கமெல்லாம் செம்பனை;
பால் தாய்லாந்திலிருந்து டேங்கரில் வந்து
அவள் கண்முன்
ஐந்தைந்து விரலாகக் காய்கிறது,
யார் யாருடைய கைக்கோ.

பத்தேகாலுக்குக் குழாய் இருமி,
செம்மண் நிறத்தில் ஒரு வாய் துப்பி,
பிறகு ஓடியது.
வாளி நிறையும்வரை நின்றேன்.
அந்த நேரம் மட்டும்
அது என் வீடாக இருந்தது.

காலையில் வந்தாள்,
ரொட்டி சானாய்ப் பொட்டலமும்
பையில் முடிந்த தே தாரிக் இரண்டும்.
"பசியாறு" என்றாள். உட்கார்ந்த பிறகு,
"ஆமா, எங்கண்ணன் எப்படி இருக்கு?"
"எந்த அண்ணன்?"
"சிங்கப்பூர்ல, லோகதாஸ். அதானே உன்னை அனுப்புச்சு?
யாரையாச்சும் அனுப்பிக்கிட்டே இருக்கும், சொல்லாம."
"என்னை யுவராணி அனுப்பினா."
"எந்த யுவராணி?"

நாய் எங்களை மாறி மாறிப் பார்த்தது.
சார்ஜில் போட்டு மறந்த கைப்பேசியில்
பதினேழு அழைப்புகள்,
கடைசியாக ஒரு வரி:
நண்டு ஆறிப்போச்சு, எங்கடி இருக்க.

சிரித்துப் புரையேறி மேசையைத் தட்டினாள்.
"அலாமாக்! அது அடுத்த லோரோங்.
அங்கயும் நீலக் கேட்தான்.
அவங்க வீட்ல ஏர்கோன் வேற இருக்கு லா!"

"அப்ப ராத்திரி அந்தச் சோறு?"

"வேலைக்குக் கட்டலாம்னு வச்சிருந்தேன்.
விடு, கேண்டீன்ல மெகி இருக்கு."

வேறெதுவும் கேட்கவில்லை.
கண் சொக்கியது அவளுக்கு.
நான் மடித்த போர்வையை உதறி விரித்து
நான் எழுந்த பள்ளத்திலேயே படுத்தாள்.
"கேட்டை இழுத்துச் சாத்திடு.
சாவி ஷூவுக்குள்ள."
உங்க பேர் என்றேன்.
குறட்டை.

அடுத்த லோரோங்குக்கு நடந்தே போகலாம்.
முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு போனேன்.
ராத்திரி எங்கே தங்கினாய் என்பார்கள்.
தெரிஞ்சவங்க வீட்டில் என்பேன்.
இங்கே உனக்கு யாரைத் தெரியும் என்பார்கள்.
முதலில் நண்டைச் சூடு பண்ணட்டும்.