எட்டாவது சுற்று

பள்ளத்தூரில் கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி.
வளவில் முப்பத்திரண்டு பேர்,
கைக்கு ஒன்றாக அறுபத்து நாலு கோல்.
ஆத்தங்குடிக் கல்லில் ஆளுக்கொரு பூ காட்டி
நிறுத்திவிட்டேன், எதிரும் புதிருமாய் இரண்டு வரிசை.
ஆட்டம் சொல்வது நான், உமையாள்.
பகலில் கூட்டுறவு வங்கியில் காசாளர்;
எண்ணாமல் எதையும் கைமாற்றிப் பழக்கமில்லை.

முதல் பாட்டிலேயே தப்பு செய்தேன்.
குறுக்கே மாறும் ஆட்டத்துக்கு எட்டு எட்டாய் அடி வேண்டும்.
சூசைராஜ் கிளாரினெட்டில் எடுத்தது ஏழு ஏழாய்ச் சாயும் மெட்டு.
நான்தான் கேட்டேன், அழகாயிருக்கும் என்று.
அழகாய்த்தான் இருந்தது,
மாப்பிள்ளையின் சித்தப்பா விரலில் அடி விழும்வரை.
பாட்டு வீட்டுக்குப் போய்விட்டது,
கால்கள் இன்னும் தெருவில் நின்றன.

பீர்முகமது டோலக்கைத் தொடையில் சாய்த்துச் சிரித்தார்.
"ஆட்டத்தைச் சொல்லுங்க ஆச்சி, பாட்டை நாங்க பாத்துக்கிறோம்."
இல்லை அண்ணே, இரண்டும் ஒரே கணக்கு.
துள்ளுகிற மெட்டுக்கு நின்று தட்டும் ஆட்டம் கொடுத்தால்
பிள்ளைகள் தரையைக் குத்துவார்கள்.
இழுத்துப் பாடுவதற்குச் சுழலும் ஆட்டம் கொடுத்தால்
பாதிச் சுழலில் நின்று
தன் ஜோடி யாரென்று தேடுவார்கள்.
என் குரலுக்கும் ஓர் இடம் வேண்டும்:
எட்டாம் தட்டில் சொன்னால் பிந்திவிடும்,
ஏழுக்குள் சொல்லி முடித்தால்
கால் அதைத் தானே நினைத்ததாக எண்ணிக்கொள்ளும்.

இரண்டாம் பாட்டு. நேரான நாலு நடை.
சுற்று முடிந்ததும் தென்வரிசை ஒரு பூ கிழக்கே நகரும்,
கடைசி ஆள் ஓடிவந்து தலைப்பில் நிற்பார்,
எல்லோருக்கும் புது முகம்.
அப்போதுதான் பார்த்தேன்.
தென்வரிசை மூன்றாம் பூவில் அண்ணாமலை.
வடவரிசை பத்தாம் பூவில் நாச்சியப்பன்.
பங்காளிகள். மேலவீட்டுப் பங்கு வழக்கு
தேவகோட்டை கோர்ட்டில் பதினோரு வருஷம்.
அண்ணாமலை பக்கத்தில் நிற்கப் பிடிக்காமல்தான்
ஆள் குறைந்த மாப்பிள்ளை வரிசைக்குத் தாண்டிப் போனார் நாச்சியப்பன்.
பக்கத்திலேயே நின்றிருந்தால்
விடியவிடிய ஆடினாலும் முகம் பார்த்திருக்க வேண்டாம்.

மூன்றிலிருந்து பத்து. எட்டாவது சுற்றில் எதிரெதிர்.
பாட்டோ ஆறு சுற்றுக்குத்தான்.
ஆறில் நிறுத்தலாம். கைதட்டல், பணியாரம், காப்பி.
ஆறாம் சுற்றில் பீர்முகமது என்னைப் பார்த்தார், முடிக்கவா என்று.
இரண்டு விரல் காட்டினேன்.
சூசைராஜுக்கு உள்ளங்கையைத் தாழ்த்தினேன்: மெதுவாக.
இதே வேகத்தில் வந்தால் அடி கோலோடு நிற்காது.

மெட்டு மாறியது.
ஒவ்வொரு வரியின் வாலிலும் தட்டில்லாத ஒரு மாத்திரை,
கண்ணை எங்காவது வைத்தாக வேண்டிய இடைவெளி.

எட்டு.
நான் எதுவும் சொல்லவில்லை.
ஆட்டம் கால்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.
முதல் தட்டில் அண்ணாமலையின் கோல் பிந்தியது.
நாச்சியப்பன் தன் கோலை அந்தரத்தில் பிடித்துக் காத்தார்,
அரை மாத்திரை, அதற்கு மேலில்லை.
டொக்.
பிறகு ஏழு தட்டு, ஒழுங்காக,
கடன் தீர்க்கிறவர்கள் போல, முகம் இறுகி.

நிறுத்தினேன். அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.
பணியாரம் எடுத்தது ஒரே தட்டிலிருந்து
என்று சொல்ல ஆசைதான்;
இல்லை, வேறு வேறு தட்டு.

நோட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டேன்:
இந்த மெட்டு, இந்த ஆட்டம், ஒத்துவரும்.
எட்டுச் சுற்று.
விரல்களுக்குச் சேதமில்லை.