மைனஸ் பதினெட்டு

சுங்காயில் இறங்கிய அன்றே
சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.
நாளுக்கு மூன்று குளியல். துவட்டி முடிப்பதற்குள்
உடம்பு நாலாவதைக் கேட்கும்.

மின்விசிறி அனலைத்தான் அள்ளிப் போடுகிறது,
பக்கத்துச் செம்பனை ஆலையின் வாடையோடு.
"சாயங்காலம் மழை வரும் தம்பி" என்பார்
கல்லாவில் குணவதியக்கா.
வரும். வந்து, அவித்துவிட்டுப் போகும்.

கோத்தகிரியிலிருந்து தெரியாத்தனமாய்க் கொண்டுவந்த ஸ்வெட்டர்
ஆறு வாரம் பெட்டிக்கு அடியில் கிடந்தது.
ஓர் இரவு தலையணை உறைக்குள் திணித்துப் படுத்தேன்.
அதுவும் சுட்டது.

ஏழாவது வாரம் லியோங் தவுக்கே
உறைகோழிக் கிடங்குக்கு ஆள் கேட்டார்.
யாரும் வாய் திறக்கவில்லை.
நான் கை தூக்கிய வேகத்தில்
ஹெர்மான் நெற்றியைத் தட்டிக் காட்டி
"கீலா" என்றான்.

கதவு திறந்ததும் முகத்தில் அறைந்தது.
மூக்கு எரிந்தது, காது மரத்தது.
அடடா,
வாயிலிருந்து புகை!
ஸ்வெட்டரில் இன்னும் பாச்சை உருண்டை வாசம்.
பெட்டிகளை அடுக்க அடுக்க
எத்தனை வெள்ளி சம்பளம் என்று கேட்கக்கூட
மறந்துபோனேன்.

இன்று காலை பிலோமினா கூப்பிட்டாள்.
"இங்க பனி கொட்டுது. நீ அங்க வெந்துட்டிருப்ப."
"இரு, காட்டறேன்" என்று
பேசியபடியே உள்ளே போய் ஊதினேன்.

தகரச் சுவர். தொடர்பு அறுந்தது.
திரையில் அவள்
சிரிக்க வாயெடுத்தவள், அப்படியே.
அவள் உதட்டோரமும் புகை.

வெளியே போனால் பேசலாம்.
போகத்தான் வேண்டும்.
இன்னும் நாலு பெட்டி இருக்கிறது.